எண்கோட்டில் புள்ளி எங்கே? "தகவல் போதுமா" கணக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிமேட்டுக்கு (எம்.பி.ஏ. போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு) படிக்கிறவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடும்போது, சமன்பாடெல்லாம் சரசரவென்று போட்டுவிட்டு எண்கோடு வந்ததும் தடுமாறுகிறவர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன். புள்ளிகளுக்குப் பெயராக க, ச, ட, ப என்று நம் எழுத்துகளையே வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் கை ஓடாது.

டேட்டா சஃபிஷியன்சி என்றால் என்ன? ஒரு வரியில் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு கூற்றுகள் இருக்கும். விடை என்ன என்று கேட்க மாட்டார்கள், விடை சொல்ல இந்தத் தகவல் போதுமா என்றுதான் கேட்பார்கள்.

ஜிமேட்டில் கேள்விக்குக் கீழே வரும் ஐந்து விடைகளும் எப்போதும் ஒரே வரிசைதான். முதல் கூற்று மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதாது என்றால் ஏ. இரண்டாவது மட்டும் போதும், முதலாவது போதாது என்றால் பி. தனித்தனியே போதாது, சேர்த்தால் போதும் என்றால் சி. தனித்தனியே ஒவ்வொன்றும் போதும் என்றால் டி. சேர்த்தாலும் போதாது என்றால் இ. வங்கித் தேர்வுத் தாள்களில் இந்த வரிசை மாறும். அங்கே "ஏதாவது ஒன்றே போதும்" என்பது பெரும்பாலும் மூன்றாவதாக வரும், அதனால் இரண்டுக்கும் சேர்த்துப் படிக்கிறவர்கள் எழுத்தை மனப்பாடம் செய்யாமல் வாக்கியத்தைப் படித்துக் குறிக்கப் பழகுங்கள்.

2023 நவம்பரில் வந்த ஜிமேட் புது வடிவத்தில் இந்தக் கேள்விகள் கணக்குப் பகுதியிலிருந்து டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்குப் போய்விட்டன. அந்தப் பகுதியில் 20 கேள்விக்கு 45 நிமிடம், அதாவது கேள்விக்கு 2 நிமிடம் 15 விநாடி.

"போதும்" என்று எப்போது சொல்லலாம்?

மதிப்பு கேட்டால், ஒரே ஒரு எண் மட்டும் விடையாக வர வேண்டும். இரண்டு எண் வந்தால் போதாது. ஆமா இல்லையா என்று கேட்டால், எப்போதுமே "ஆம்" அல்லது எப்போதுமே "இல்லை" வர வேண்டும். எப்போதுமே "இல்லை" வந்தாலும் அது போதும்தான். இந்தக் கடைசி வரியில்தான் நிறைய பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள், கீழே இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்றே ஒன்றுதான். கூற்றுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு படம் வரையுங்கள், விடையைப் பாருங்கள். அப்புறம் அதே கூற்றுக்குப் பொருந்தி, வேறு விடை தருகிற இன்னொரு படம் வரைய முடியுமா என்று முழு மனதோடு முயன்று பாருங்கள். முடிந்தால் போதாது. எவ்வளவு முயன்றும் முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதும் தெரிகிறது என்றால் போதும். கேள்விக்கு விடை தேடுகிற மனநிலையில் உட்கார்ந்தால் முதல் படத்தோடு திருப்தி வந்துவிடும், அதனால் இரண்டாவது படத்தைத் தேடுவதுதான் வேலை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எண்கோட்டில் மட்டும் ஏன் இவ்வளவு தப்பு வருகிறது?

தொலைவு சொன்னால் திசையும் சொன்னதாக நாம் எடுத்துக்கொள்வதால்தான். சென்னைக் கடற்கரை–தாம்பரம் ரயில் பாதையை நினைத்துப் பாருங்கள். "சைதாப்பேட்டையிலிருந்து மூணாவது ஸ்டேஷன்ல நிக்கிறேன்" என்று ஒருவர் போனில் சொன்னால் அவர் நுங்கம்பாக்கத்திலும் இருக்கலாம், பழவந்தாங்கலிலும் இருக்கலாம். நீங்கள் தினமும் தாம்பரம் பக்கம் போகிறவராக இருந்தால் பழவந்தாங்கல் மட்டும்தான் மனசுக்கு வரும். எண்கோட்டிலும் அதே கதை.

ஒரு கணக்கு பார்ப்போம். க, ச, ட மூன்றும் எண்கோட்டில் உள்ள புள்ளிகள். க-வுக்கும் ட-வுக்கும் இடையே உள்ள தொலைவு என்ன? (1) க-வுக்கும் ச-வுக்கும் தொலைவு 7. (2) ச-வுக்கும் ட-வுக்கும் தொலைவு 3.

பார்த்தவுடன் 7 + 3 = 10 என்று தோன்றும், சி என்று கை போகும். என்னிடம் படித்த ஒரு பெண் இதில் சி-தான் என்று உறுதியாக நின்றாள். அவள் ரஃப் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் க இடது ஓரத்தில், ச நடுவில், ட வலது ஓரத்தில். எழுத்துகள் அகரவரிசையில் வருவதால் கை தானாகவே அப்படி வைத்திருக்கிறது, எந்தக் கேள்வியிலும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு தாளின் ஓரத்தை 3 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழித்து, அவள் வரைந்த கோட்டில் ஒரு முனையை ச மேல் பென்சில் முனையால் அழுத்திப் பிடித்து, துண்டைத் திருப்பச் சொன்னேன். மறுமுனை ஒரு தடவை 10-இல் விழுந்தது, இன்னொரு தடவை 4-இல் விழுந்தது. அதன் பிறகு அவளுக்கு இந்தத் தப்பு வந்ததாக எனக்கு நினைவில்லை. விடை இ.

அதே கேள்வியில் "ச என்பது க-வுக்கும் ட-வுக்கும் இடையே உள்ளது" என்று ஒரு வரி கூடுதலாக இருந்தால் 10 மட்டும்தான் வரும். அந்த ஒரு வரி கேள்வியிலேயே ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், சில நேரம் "க < ச < ட" என்று சின்னதாக எழுதியிருப்பார்கள்.

படம் கொடுத்திருந்தால் அதை நம்பலாமா?

எது எதற்கு இடப்பக்கம், எது வலப்பக்கம் என்ற வரிசையை நம்புங்கள். இடைவெளியைக் கண்ணளவில் நம்பாதீர்கள். கேள்வியில் உள்ள தகவலுக்குப் படம் ஒத்துப்போகும், ஆனால் கூற்றுகளில் வரும் கூடுதல் தகவலுக்கும் அது ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. படத்தில் பூஜ்ஜியம் குறிக்கப்படவில்லை என்றால் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், எல்லாப் புள்ளிகளுக்கும் இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோகூட.

மட்டு மதிப்புக் குறியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

அதைத் தொலைவு என்று வாசியுங்கள். |க − 2| என்று இருந்தால் "க-வுக்கும் 2-க்கும் உள்ள தொலைவு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். |க + 2| என்றால் க-வுக்கும் -2-க்கும் உள்ள தொலைவு. இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தி, நான்கு நிலைகளாகப் பிரித்து எழுதுவதெல்லாம் தப்பில்லை, நேரம்தான் போகும்.

இப்படி வாசித்தால் சில கூற்றுகள் உடனே பிடிபடும். |க − 2| = |க − 8| என்றால் 2-க்கும் 8-க்கும் சம தொலைவில் இருக்கிற புள்ளி, அது 5 மட்டும்தான். மட்டுக்குறி இருந்தாலே இரண்டு விடை என்று முடிவு கட்டுகிறவர்கள் இங்கே தவறுவார்கள். |க − 2| + |க − 8| = 6 என்றால், 2-லிருந்து 8 வரை க எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், ஏனென்றால் இரண்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் இரண்டு தொலைவின் கூட்டல் 6-தான். அதே கூட்டல் 10 என்றால் க வெளியே போய்விடும்: 0 அல்லது 10.

இனி இதைப் போடுங்கள். க-வின் மதிப்பு என்ன? (1) |க − 2| = 2 × |க − 8|. (2) க < 10.

முதல் கூற்று சொல்வது, 2-லிருந்து உள்ள தொலைவு 8-லிருந்து உள்ள தொலைவைப் போல இரு மடங்கு. 2-க்கும் 8-க்கும் நடுவே தேடினால் 6 கிடைக்கும்: இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 2. இங்கேயே பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள். 8-ஐத் தாண்டி வலப்பக்கம் போனால் 14 கிடைக்கும்: 2-லிருந்து 12, 8-லிருந்து 6. பள்ளிக்கூடத்தில் ஒரு கோட்டுத்துண்டை உட்புறமாகப் பிரிப்பது, வெளிப்புறமாகப் பிரிப்பது என்று படித்தோமே, அதுவேதான். ஆக முதல் கூற்று மட்டும் போதாது. இரண்டாவது தனியாக ஒன்றுக்கும் உதவாது, ஆனால் சேர்ந்தால் 14-ஐத் தள்ளிவிட்டு 6-ஐ வைத்துக்கொள்ளும். சி.

பூஜ்ஜியத்துக்கு எது அருகில் என்று கேட்டால்?

எனக்கு ரொம்பப் பிடித்த வகை இது. க என்பது ச-வைவிடப் பூஜ்ஜியத்துக்கு அருகில் உள்ளதா? (1) க < ச. (2) க + ச > 0.

முதல் கூற்றை மட்டும் எடுங்கள். க = 1, ச = 2 என்றால் ஆம். க = -5, ச = 1 என்றால் இல்லை. போதாது. இப்போது முதல் கூற்றை மனசிலிருந்து சுத்தமாக அழித்துவிட்டு இரண்டாவதைப் பாருங்கள். இதைச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம். க இடப்பக்கம் இருக்கிற படம் தாளில் அப்படியே இருப்பதால் கண் அதையே பார்க்கும். அதனால் இரண்டாவது கூற்றுக்குப் புதிதாக ஒரு கோடு போட்டு வரையுங்கள், பழைய கோட்டில் எழுதாதீர்கள். க = 1, ச = 2 என்றால் ஆம், க = 2, ச = 1 என்றால் இல்லை. போதாது.

சேர்த்துப் பார்ப்போம். க + ச > 0 என்பதை க > -ச என்று எழுதலாம். க < ச என்பதும் இருக்கிறது. ஆக க என்பது -ச-வுக்கும் ச-வுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பூஜ்ஜியத்தை மையமாக வைத்து இரண்டு பக்கமும் ச தொலைவுக்கு வேலி போட்டு, அதற்குள்ளே க இருக்கிறது என்று படம் சொல்கிறது. எப்போதும் ஆம். சி. இயற்கணிதமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: (ச − க), (ச + க) இரண்டும் மிகை எண், எனவே அவற்றின் பெருக்கற்பலனான ச² − க² மிகை எண். எனக்கென்னவோ வேலிதான் மறக்காமல் நிற்கிறது.

எப்போதும் "இல்லை" வந்தாலும் போதும் என்றீர்களே, உதாரணம்?

க < ச < ட. பூஜ்ஜியம் ச-வுக்கும் ட-வுக்கும் இடையே உள்ளதா? (1) க × ச × ட < 0. (2) க × ச > 0.

மூன்றின் பெருக்கற்பலன் குறை எண்ணாக வர, குறை எண்கள் ஒன்று இருக்க வேண்டும், அல்லது மூன்றும் குறை எண்ணாக இருக்க வேண்டும். ஒன்றுதான் என்றால், வரிசைப்படி அது இடது ஓரத்தில் உள்ள க-தான். அப்போது பூஜ்ஜியம் க-வுக்கும் ச-வுக்கும் இடையே இருக்கிறது. மூன்றும் என்றால் பூஜ்ஜியம் ட-வுக்கும் வலப்பக்கம். இரண்டு படத்திலும் ச-வுக்கும் ட-வுக்கும் இடையே பூஜ்ஜியம் இல்லை. எப்போதும் "இல்லை", எனவே போதும்.

இரண்டாவது கூற்றில் -3, -2, 1 வைத்தால் ஆம், 1, 2, 3 வைத்தால் இல்லை. போதாது. விடை ஏ.

என்னென்ன எண்களை வைத்துப் பார்க்க வேண்டும்? எனக்கு 1, 2, 3 மட்டும்தான் தோன்றுகிறது.

எல்லோருக்கும் அப்படித்தான். எண்ணிப் பழகியது முழு எண்களில், அதுவும் மிகை எண்களில். குறை எண்களை ஒரு கோட்டில் வைத்துப் பார்க்கும் பழக்கமே வரலாற்றில் தாமதமாகத்தான் வந்தது. இங்கிலாந்தின் ஜான் வாலிஸ் 1685-இல் வெளியிட்ட இயற்கணித நூலில் ஓர் ஆளை 5 கஜம் முன்னே நடக்கவிட்டு, 8 கஜம் பின்னே வரச் செய்து, புறப்பட்ட இடத்துக்கு 3 கஜம் பின்னால் நிற்கிறான், அதுதான் -3 என்று விளக்கினார். அந்த ஆளை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்பக்கம் மறக்காது.

-1, 0, 1 மூன்றையும் கோட்டில் குறித்தால் கோடு நான்கு பகுதியாகப் பிரியும். ஒவ்வொரு பகுதியிலும் எண்கள் வெவ்வேறு மாதிரி நடந்துகொள்ளும், வர்க்கப்படுத்தினால் ஒரு பகுதியில் பெரிதாகும், இன்னொன்றில் சிறிதாகும். அதனால் -2, -1/2, 1/2, 2 என்று பகுதிக்கு ஒன்று, கூடவே அந்த மூன்று எல்லை எண்கள். இவ்வளவு போதும்.

க என்பது 0-க்கும் 1-க்கும் இடையே உள்ளதா? (1) க² < க. (2) க³ < க. முதல் கூற்றுக்கு இந்த எண்களில் 1/2 மட்டும்தான் பொருந்தும். எல்லை எண்களில் இரண்டு பக்கமும் சமமாகிவிடும் அல்லது தலைகீழாகும். எப்போதும் ஆம். இரண்டாவதுக்கு 1/2 பொருந்தும், -2-உம் பொருந்தும், ஏனென்றால் -8 என்பது -2-ஐவிடச் சிறியது. இந்த -8 < -2 என்பதில் சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் கோடு போட்டுப் பாருங்கள், இடப்பக்கம் போகப் போகச் சிறியது. விடை ஏ.

எங்கேயும் "முழு எண்" என்று சொல்லாவிட்டால் அது பின்னமாகவும் இருக்கலாம். 3-க்கும் 5-க்கும் இடையே என்றவுடன் 4 என்று எழுதாதீர்கள்.

இரண்டு கூற்றும் தனித்தனியே போதவில்லை. சேர்த்தால் போதும் என்று குறித்துவிடலாமா?

கூடாது. க, ச, ட மூன்றும் இடமிருந்து வலமாகச் சம இடைவெளியில் உள்ளன. ட-வின் மதிப்பு என்ன? (1) ச = 4. (2) க + ட = 8.

இரண்டு கூற்று, இரண்டு சமன்பாடு, எல்லாம் கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் சம இடைவெளி என்றால் ச நடுப்புள்ளி, நடுப்புள்ளி என்றால் க + ட எப்போதும் ச-வின் இரு மடங்கு. ச = 4 என்றாலே க + ட = 8 ஆகிவிட்டது. இரண்டாவது கூற்று முதலாவதையே வேறு சட்டை போட்டுக்கொண்டு சொல்கிறது. 3, 4, 5 பொருந்தும், 0, 4, 8-உம் பொருந்தும். இ.

கூற்றில் எண்ணே இல்லையென்றால் போதாது என்று சொல்லலாமா?

அப்படியும் இல்லை. க, ச, ட, ப நான்கும் இடமிருந்து வலமாக இந்த வரிசையில். க–ச தொலைவும் ட–ப தொலைவும் சமமா? (1) க–ட தொலைவும் ச–ப தொலைவும் சமம். (2) க–ப தொலைவு 12.

முதல் கூற்றில் இரண்டு நீளத்துக்கும் ச–ட துண்டு பொதுவானது. இரண்டிலிருந்தும் அதை வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது க–ச, ட–ப. சமத்திலிருந்து சமத்தைக் கழித்தால் சமம். ஓர் எண்கூட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவதில் 12 என்று எண் இருக்கிறது, ஆனால் நடுவில் ச-வும் ட-வும் எங்கே என்று தெரியாது. ஏ.

"வெவ்வேறு புள்ளிகள்" என்று சில கேள்வியில் எழுதியிருக்கிறார்கள். அது சும்மா சொல்வதா?

சும்மா இல்லை. க–ச தொலைவும் ச–ட தொலைவும் சமம் என்று கூற்று சொல்கிறது, ச நடுப்புள்ளியா என்று கேள்வி கேட்கிறது என்று வையுங்கள். க-வும் ட-வும் வெவ்வேறு என்று சொல்லியிருந்தால், அவை ச-வின் இரண்டு பக்கமும்தான் இருக்க முடியும், போதும். சொல்லாவிட்டால் க-வும் ட-வும் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கலாம், ச தள்ளி எங்கேயோ நிற்கலாம். போதாது.

முதல் கூற்றில் க = 5 வந்தது, இரண்டாவதில் க = 7 வந்தது. டி-தானே?

எங்கேயோ தப்புப் போட்டிருக்கிறீர்கள். ஜிமேட்டில் இரண்டு கூற்றும் ஒன்றையொன்று மறுக்காது, இரண்டும் ஒரே நிலைமையைப் பற்றிய உண்மைகள். இரண்டுமே தனித்தனியாக ஒரு விடை தந்தால் அது ஒரே விடையாகத்தான் இருக்கும். திரும்பப் போய்க் குறியைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு மைனஸ் விழுந்திருக்கும்.

நேரம் போதவில்லை. எங்கே மிச்சம் பிடிப்பது?

விடையைக் கடைசி வரை கணக்கிடுவதை நிறுத்துங்கள். ஒரே விடைதான் வரும் என்று தெரிந்த நொடியில் பேனாவைத் தூக்கிவிடலாம், அது 6-ஆ 60-ஆ என்பது யாருக்கும் வேண்டாம். டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் திரையில் கால்குலேட்டர் இருக்கும், எண்கோட்டுக் கேள்விக்கு அதைத் திறக்கவே வேண்டியிருக்காது.

எளிதான கூற்று இரண்டாவதாக இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். அது போதாது என்று தெரிந்தால் பி-யும் டி-யும் போய்விட்டன, மிச்சம் மூன்றுதான்.

தினமும் எத்தனை கணக்கு போட வேண்டும்?

ஐந்து போதும், ஆனால் ஒவ்வொன்றையும் முடித்தபின் ஒரு வேலை செய்யுங்கள். விடை இ என்றால், அதைச் சி ஆக்க எந்த வார்த்தையைச் சேர்க்க வேண்டும் என்று யோசித்து எழுதுங்கள். விடை ஏ என்றால், எந்த வார்த்தையை எடுத்தால் முதல் கூற்று போதாமல் போகும் என்று பாருங்கள். மேலே உள்ள 7, 3 கணக்கையே எடுத்துக்கொண்டு, "ட பூஜ்ஜியத்தில் உள்ளது" என்று சேர்த்தால் மாறுமா, "ச-தான் மூன்றிலும் பெரியது" என்று சேர்த்தால் மாறுமா என்று போட்டுப் பாருங்கள். ஒன்றில் மாறாது, இன்னொன்றில் 4 மட்டும் மிஞ்சும்.